மூச்சுக்கு வந்தவள்

பூங்குழலி பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனை திரும்பியதும், வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அவள் தோளில் அதே நீலப் பை. அதைப் பார்த்தாலே பேரணாம்பட்டின் இந்தத் தெரு கதவைச் சாத்தும். யாரைக் குற்றம் சொல்ல? சாத்த வைத்தவளே அவள்தான்.

வேலூரிலிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில்தான் அவள் முதலில் வேலைக்குச் சேர்ந்தாள். நோய் கண்டவர்கள் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிடலாம், அதில் ஒன்றுமில்லை. "இன்னாத்துக்கும்மா இந்த வீட்டுக்கு வர்றே?" என்று மூக்கை நீட்டுகிற அக்கம்பக்கத்துக்கு என்ன பதில் சொல்வது? சுற்றிலும் தோல் பதனிடும் ஷாப்பு, வீட்டுக்குள்ளே பீடித்தூள். இருமாத, மூச்சிரைக்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். "வீசிங்குக்கு மருந்து குடுக்க வந்தேன்" என்று சொல்லிவைத்தாள். கச்சிதமாகப் பொருந்திய பொய். கூட வேலை பார்த்த பெண்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பொய்யில் சில குடும்பங்கள் தப்பிப் பிழைத்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சைராவின் குடும்பம் அதில் ஒன்று. லாரி ஓட்டிய புருஷன் நவீத் நோயைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோதே சைரா மாத்திரையை ஆரம்பித்ததால் மகளுக்கு நோய் தொற்றவில்லை. இன்று சைராவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம். யார் கேட்டாலும் அவருக்கும் வீசிங், எனக்கும் வீசிங் என்பாள்.

ஆனால் தெருவுக்குக் கண் இல்லையா? நவீத் எலும்பும் தோலுமாகப் போனதை எல்லோரும்தான் பார்த்தார்கள். நேரில் கேட்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும், "பூங்குழலி குடுக்குற வீசிங்" என்று பேசிச் சிரித்தார்கள்.

பிறகு அந்தத் திட்டம் முடிந்து நுரையீரல் நோய் ஆராய்ச்சி வந்தது. அதே நிறுவனம், அதே பை, அதே பூங்குழலி. இப்போது வீசிங் என்றால் சத்தியமாக வீசிங். அதை யார் நம்புவார்கள்? பள்ளிக்கூடத்தில் மைக் வைத்து நெஞ்சுப் பரிசோதனை முகாம் நடத்தியும் இந்தத் தெருவிலிருந்து ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு தானாக வந்தவர் முக்தார் அகமது ஒருவர்தான், அதுவும் முடியாமல் போனதால். தோல் ஷாப்பில் பஃபிங் மெஷின் பார்த்தவர். தோலைத் தேய்க்கும்போது பறக்கிற தூளை வருஷக்கணக்கில் நெஞ்சுக்குள் இழுத்திருந்தார். கக்கூஸ் போய்வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஊதச் சொல்லி அவள் குழாயை நீட்டியபோது, "காத்து இருந்தா நான் ஏம்மா உங்கிட்ட வர்றேன்?" என்று சிரித்தார். அவள் கொடுத்த இன்ஹேலரை ஒழுங்காக இழுத்து, இரண்டு மாதத்தில் ஜும்மா தொழுகைக்குத் தானே நடந்து போனார். அன்று பூங்குழலிக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்புறம்தான் அவர் மகள் முபஷ்ஷிராவுக்கு ஆம்பூரில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் தெருவில் விசாரிக்க, அந்த வீட்டுக்கு நீலப் பை வந்துபோவதைத் தெரு சொல்லிவிட்டது.

அதைச் சொல்லத்தான் இன்று அவளை வரச் சொல்லியிருந்தார்கள். முக்தார் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"நீ தப்பா நெனச்சுக்காதம்மா. நீ வந்துட்டுப் போனா ரொம்பப் பேஜாராவுது. நிக்காஹ் முடியட்டும், அப்புறம் வா."

"நான் வராட்டிப் போவுது பாய். மருந்த மட்டும் வுட்ராதீங்க."

வாசல்வரை கூட வந்த அவர் மனைவி ஃபரீதா, பூங்குழலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மருந்து டப்பாவ பீரோவுக்குப் பின்னால ஒளிச்சுட்டாரு பூங்குழலி. எவனாச்சும் பாத்துடுவானாம். நீ ஒரு வார்த்த சொல்லேன். அப்ப சொன்னதுதான் பொய், இது நெசம்னு தெருவுல நாலு பேரு கேக்கச் சொல்லேன்!"

எதிர்வீட்டு வாசலில் சைரா மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த சீப்பு நின்றது.

"எப்படிக்கா சொல்றது?" என்றாள் பூங்குழலி. ஃபரீதாவும் எதிர்வீட்டைப் பார்த்தாள். பிறகு கையை விட்டுவிட்டாள்.

நிக்காஹுக்கு முன்பே, மார்கழிப் பனியில் முக்தாருக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. ஃபரீதா போனில் அழுதாள். "மவுத்தாயிட்டாரு பூங்குழலி. நீ வா. இப்பவாச்சும் வந்து சொல்லு."

அவள் போனபோது வாசலில் ஆண்கள் கூட்டம். ஆம்பூர்ச் சம்பந்தியும் வந்திருந்தார். உள்ளே முக்தாரின் உடல். மையத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் தயாராக இருந்தும் யாரும் உள்ளே போகவில்லை. தெருவில் யார் இறந்தாலும் முதல் ஆளாக முன்னே வருகிற ரஃபி அகமதுகூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வாம்மா. முக்தாருக்கு இன்னா நோவு?"

"வீசிங்தான் பாய். தோல்தூள்ல நெஞ்சு கெட்டுப்போச்சு. சத்தியமா."

"நவீத்துக்கும் அதான் சொன்னே. வெறுங்கையாலதான் அவன நான் குளிப்பாட்டுனேன்." அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "அது பொய்யா, இது பொய்யா? ஒண்ணு சொல்லிடும்மா."

சைரா எதிர்வாசலில் துப்பட்டா முனையைக் கடித்துக்கொண்டு நின்றாள். மகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த நோயாகவே இருந்தாலும் குளிப்பாட்டினால் ஒட்டாது என்று சொல்ல பூங்குழலிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் முக்தாருக்கு அதுதான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். நவீத்தைப் பற்றிச் சொன்னால் சைராவுக்கு நாளைக்கு வேலை இருக்காது, மகளோடு யாரும் உட்கார மாட்டார்கள். பாழாய்ப்போன வாய், அன்றைக்கு வேறு ஏதாவது நோயைச் சொல்லியிருக்கக் கூடாதா!

"ரெண்டுமே நெசம் பாய்" என்றாள். சொல்லும்போதே தலையைக் குனிந்துகொண்டாள்.

ரஃபி அகமது தலையாட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டது, தப்பாக. "சரி, வுடு. உன் பையில கிளவுஸ் இருக்குமே, குடு."

அவள் மறுத்தால் மையம் அப்படியே கிடக்கும். எடுத்துக் கொடுத்தாள். பாதி மெய்யும் பாதி பொய்யுமாக அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை, கிளவுஸ் போய்ச் சேர்ந்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆம்பூர்ச் சம்பந்தி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஃபரீதாவின் அழுகை ஒரு கணம் நின்று, மறுபடி ஓங்கி எழுந்தது.

ஜனாஸாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள் புறப்பட்டுப் போனபின் முபஷ்ஷிரா வெளியே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் இன்ஹேலர், பாதிக்கு மேல் மருந்து மிச்சமிருந்தது.

"இது உங்களுதுக்கா. நெசமாவே வீசிங் இருக்குறவங்களுக்குக் குடுத்துடுங்க."

பூங்குழலி கையை நீட்டவில்லை. "முபஷ்ஷிரா, உங்கப்பாவுக்கு வீசிங்தாம்மா. என் புள்ள மேல ஆணையா வீசிங்தான்!"

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து, இன்ஹேலரை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். ஆறுதல் சொல்கிறவளைப் போலத்தான் பேசினாள்.

"நீங்க அப்டித்தாங்கா சொல்லணும். எனக்குத் தெரியும்."