சேர்த்து வைத்த பஞ்சு

வெந்நீர்க்காரர் என்ற பெயரை அவருக்கு வைத்தவர்கள் ஆஸ்பத்திரி வார்டு ஆட்கள். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் கத்திகளையும் கத்தரிகளையும் கிருமி நீக்கி, துணியில் சுற்றி, தேதி எழுதி அனுப்பும் அறைக்கு அவர் முப்பத்தொரு வருடம் பொறுப்பாக இருந்தார். அவர் கட்டிய பொட்டலத்தைப் பிரித்து எந்த மருத்துவரும் முகம் சுளித்ததில்லை. ஓய்வு பெற்ற நாளில் மாலையோடு கேலிப்பெயரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். வீட்டில் தம்ளர் முதல் நகவெட்டி வரை எதுவும் கொதிநீரில் மூழ்காமல் தப்பியதில்லை. பேரன் பிறந்தால் அவனையும் ஒரு கொதி விட்டுத்தான் இவர் கையில் வாங்குவார் என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அவர் அப்பாவும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் நம்பிக் கொடுத்த பொருள் கொடுத்தபடியே திரும்பும். அதனால்தான், கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத மகளின் மாமனார் தன் மீனைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று தயங்கிக் கேட்டபோது, வெந்நீர்க்காரர் அவரைப் பேசி முடிக்கவே விடவில்லை.

சம்பந்தி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவர் வீட்டில் தரை பெயர்த்து வண்ணம் அடிக்கிற வேலை. குடும்பம் ஒரு மாதத்துக்கு மாடி வீடு ஒன்றில் ஒண்டிக்கொள்ளப் போகிறது. ஐந்தடி நீளத் தொட்டியை அந்தக் குறுகலான படியில் ஏற்ற வழியில்லை. உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆஸ்கார் மீன். முழங்கை நீளம், வால் அடியில் கண்போல ஓர் ஆரஞ்சு வளையம், வயது பன்னிரண்டு. சம்பந்தி அதைப் பெரியவர் என்றுதான் சொல்வார். கண்ணாடியில் மோதிர விரலால் மூன்று தட்டு தட்டினால் எங்கிருந்தாலும் வந்து முகத்துக்கு நேராக நிற்கும்.

நான்கு ஆட்கள் தொட்டியை இறக்கிக் கூடத்தில் வைத்தார்கள். தண்ணீர் நிரம்பி, வடிகட்டிப் பெட்டி முணுமுணுக்கத் தொடங்கியதும் சம்பந்தி அதன் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த பஞ்சு நைந்து, பழுப்பேறி, தொட்டால் வழவழவென்று இருந்தது. வெந்நீர்க்காரரின் மூக்கு தானாகச் சுருங்கியது.

"பஞ்சு நைஞ்சுபோச்சு, சம்பந்தி. இந்த வாரம் புதுசு போட்டுடுங்க. விலை அதிகமா ஒண்ணும் வேணாம், சும்மா பாத்திரம் தேய்க்கிற நார் போதும். ஆனா பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சேர்த்து வைங்க. அதுதான் முக்கியம்."

"சேர்த்து வெச்சுடறேன்," என்றார் வெந்நீர்க்காரர்.

வாசல்வரை போன சம்பந்தி திரும்பி, இந்த ஒரு மாதம் எட்டிப் பார்க்க மாட்டேன், பார்க்க வந்தால் சந்தேகப்பட்டு வந்த மாதிரி ஆகிவிடும் என்றார். அந்தப் பேச்சு வெந்நீர்க்காரருக்கு மிகவும் பிடித்தது. நல்ல இடத்தில்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்று அன்று இரண்டு முறை மனைவியிடம் சொன்னார்.

உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். விலை அதிகமாக வேண்டாம் என்றாரே. நம்மால் முடியாது என்று நினைத்துவிட்டாரா? அந்த உறுத்தலோடுதான் மறுநாள் மீன் கடைக்குப் போனார். வண்ணமீன் கடைக்காரர் வாயில் குழாயை வைத்து ஒரு தொட்டியின் அடி அழுக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உள்ளதிலேயே உயர்ந்த வடிகட்டிச் சாமான் எது என்று இவர் கேட்டார். கடைக்காரர் பெட்டியில் வந்த பீங்கான் வளையங்களை எடுத்து வைத்தார். விலையைக் கேட்டதும் வெந்நீர்க்காரரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. பென்ஷன்காரர்கள் அதிர்ச்சியை அப்படித்தான் மறைப்பார்கள்.

கடைக்காரர் நல்ல மனிதர். பெட்டியைத் தானே திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, பெரிய மீனுக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்றார். சோப்புக் கலக்காத நைலான் நார் ஒரு டஜன், ஒரு கை எரிமலைக் கல், மேலே ஒரு அடுக்கு தலையணைப் பஞ்சு. அந்தப் பீங்கான் செய்கிற வேலை அத்தனையும் இது செய்யும். ஓட்டை அதிகம் உள்ள எதுவும் உதவும், உறிஞ்சுகுழலை நறுக்கிப் போட்டால்கூட ஓடும் என்றார். வெந்நீர்க்காரருக்கு நிம்மதியாகவும் இருந்தது, நிம்மதியானதில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"பழைய பஞ்சு இருக்கில்ல?" என்று கடைக்காரர் நாரைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"இருக்கு. சேர்த்து வைக்கச் சொல்லியிருக்கார்."

"அப்ப கவலையே இல்ல. சேர்த்து வெச்சீங்கன்னா மீன் நூறு வயசு இருக்கும்."

சொல் ஒன்றுதான். இருவர் சொன்னார்கள், ஒருவர் கேட்டார். புதியதோடு பழையதையும் ஒரே பெட்டியில் சேர்த்து வை என்று சொன்னது, எடுத்துப் பத்திரமாகச் சேமித்து வை என்று கேட்ட காதில் விழுந்தது. முப்பத்தொரு வருடம் பொட்டலம் கட்டிய காதில் வேறெப்படி விழும்?

அன்று மதியமே வேலையை முடித்தார். பழைய பஞ்சைப் பெரிய பாத்திரத்தில் போட்டு இருபது நிமிடம் கொதிக்க விட்டார். தண்ணீர் கறுத்தது; கொட்டிவிட்டு மறுபடியும் கொதிக்க வைத்தார். புது நாரும் கல்லும் அதே பாத்திரத்தில் மூழ்கி எழுந்தன. வடிகட்டிப் பெட்டியின் உட்புறத்தை ஒரு பல்துலக்கியால் தேய்த்துப் பளபளக்க வைத்தார். வீடு முழுவதும் குளத்து வாடை அடித்தது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, மீனையும் ஒரு கொதி விட்டுவிட்டால் வேலை சுலபம் என்றாள். பழைய பஞ்சை வெயிலில் காயவைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, நாடா கட்டி, மேலே தன் அழகான கையெழுத்தில் எழுதினார்: பழைய பஞ்சு. கொதிக்க வைத்தது. தேதி. கையொப்பம். பீரோவின் மேல்தட்டில், பத்திரங்களுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது.

இரண்டு நாள் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. பெரியவர் முன்னும் பின்னும் ராஜநடை போட்டார். வெந்நீர்க்காரர் மோதிர விரலால் மூன்று தட்டு தட்டிப் பார்த்தார், வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டும் காட்டினார்.

மூன்றாம் நாள் காலை தண்ணீரில் யாரோ ஒரு துளி பால் விட்ட மாதிரி இருந்தது. நான்காம் நாள் தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவர்க்கடிகாரத்தின் முள் மங்கியது. மீன் சாப்பாட்டைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் அது மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, திறந்து திறந்து மூடியது. ப்ளப், ப்ளப் என்ற சத்தம் சமையலறைவரை கேட்டது. வீட்டில் இருவரும் அந்தச் சத்தத்துக்கு நடுவே பேசப் பழகினார்கள்.

"சம்பந்திக்கு ஒரு போன் போடுங்களேன்," என்றாள் மனைவி.

இடம் மாறிய அலுப்பு, சரியாகிவிடும் என்றார் அவர். கொடுத்து ஒரு வாரத்தில் பொருள் சரியில்லை என்று போன் போடுகிற வீடா இது என்பது அவர் சொல்லாமல் விட்டது. வடிகட்டியில் அழுக்கு இருக்குமோ என்று திறந்து பார்த்தார். ஒரு தூசு இல்லை. அது அவருக்குத் தெம்பு கொடுத்தது. மறுபடியும் எல்லாவற்றையும் எடுத்துக் கொதிக்க வைத்தார்.

ஆறாம் நாள் மகள் தானாகவே கூப்பிட்டாள். பெரியவர் எப்படி இருக்கிறார் என்று மாமா கேட்கத் துடிக்கிறார், கேட்டால் தப்பாக இருக்குமோ என்று தயங்குகிறார், அதனால் நான் கேட்கிறேன் என்றாள். வெந்நீர்க்காரர் தொட்டியைப் பார்த்தபடி, நன்றாக இருக்கிறது என்றார்.

"அப்பா, ஏதாவது ஒண்ணுன்னா உடனே சொல்லிடுங்க. மாமா கோபப்பட மாட்டார். பொருள் போனா அவருக்குப் பொருள்தான் போச்சு. மறைச்சாங்கன்னு தெரிஞ்சா மட்டும் அப்புறம் அந்த ஆள் பக்கமே திரும்ப மாட்டார். சொந்தத் தம்பியோட ஒன்பது வருஷமாப் பேச்சு இல்ல. நான் என்ன சொல்லித் தொட்டியை அங்க அனுப்பினேன் தெரியுமா? எங்க அப்பா சொன்னா சொன்னதுதான்னு."

"அதுல என்ன சந்தேகம் உனக்கு," என்றார் அவர்.

எட்டாம் நாள் விடிந்தபோது ப்ளப் சத்தம் கேட்கவில்லை. மனைவிதான் முதலில் எழுந்து வந்தாள். கூடத்து நடுவில் நின்றவள் அவரைக் கூப்பிடவும் இல்லை. அவரே வந்து பார்த்தார். பெரியவர் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. ஆரஞ்சு வளையம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அறையின் எந்தப் பக்கம் போனாலும் அது தன்னையே பார்க்கிற மாதிரி அவருக்கு இருந்தது.

கொல்லையில் குழி வெட்டியது அவரேதான். கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு மீன் கடைக்குப் போனார். நடந்ததைக் கேட்டதும் கடைக்காரர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

"வேக வெச்சீங்களா? ஐயோ சார், அந்த வழவழப்புலதான் எல்லாமே இருக்கு. மீன் கழிவு தண்ணில விஷமா மாறும். அதைத் தின்னு தீர்க்கிற கிருமி அதுலதான் குடியிருக்கும். புது நாரோட பழசை உள்ளேயே சேர்த்து வெச்சா புதுசுக்கும் தொத்திக்கும். நார் என்ன விலைங்கிறதா விஷயம்?"

"கிருமியைக் கொல்றதுதான் சார் என் உத்தியோகம்," என்றார் வெந்நீர்க்காரர். குரல் எப்போதும்போல நேராகத்தான் வந்தது.

அங்கிருந்தே சம்பந்திக்குப் போன் போட்டிருக்கலாம். கடை மேஜைமேல் போன் இருந்தது. தான் செய்த முட்டாள்தனத்தைக் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஆட்கள் அந்தத் தெருவில் பத்துப் பேர் இருந்தார்கள். அவர் அவர்களில் ஒருவராக இருந்ததில்லை. ஒரு தடவை குடும்பத்தின் பெயர் இறங்கினால் அப்புறம் மகள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொள்வது சுலபமாக இருந்தது. இதே அளவில், இதே வளையத்தோடு ஒரு ஆஸ்கார் கிடைக்குமா என்று கேட்டார்.

கடைக்காரர் கீழே வைத்த குழாயை மறுபடி எடுத்தார். ஒருவரிடம் இருக்கிறது, கிடைக்கும் என்றார். ஆனால் அதே தண்ணீரில் விட்டால் அதுவும் போய்விடும், தினமும் பாதித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். வெந்நீர்க்காரர் அந்த மீனை வாங்கி வந்து தொட்டியில் விட்டார். சொன்னபடியே தண்ணீரையும் மாற்றினார். அறுபத்திரண்டு வயதில், காலையும் மாலையும் வாளி வாளியாகச் சுமந்தார். மனைவி உதவிக்கு வரவில்லை. "இது நல்லா இல்லைங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு தொட்டி இருக்கும் பக்கம் பார்க்காமலே கூடத்தைக் கடக்கக் கற்றுக்கொண்டாள்.

மாதம் முடிந்த ஞாயிறு காலை, வாசலில் வண்டி நின்றது. பழைய நான்கு ஆட்களும் இறங்கினார்கள். சம்பந்தி முன்னால் வந்தார், பின்னால் மகள். தண்ணீர் தெளிவாக இருந்தது, அவர் விடியற்காலையிலேயே மாற்றியிருந்தார். சம்பந்தி செருப்பைக் கழற்றிவிட்டு, யாரிடமும் பேசாமல், குழந்தையைப் பார்க்கப் போகிறவர்போல நேரே தொட்டியிடம் போய்க் குனிந்தார். மோதிர விரலால் மூன்று தட்டு தட்டினார்.

மீன் திடுக்கிட்டு மூலைக்கு ஓடி, குழாய்க்குப் பின்னால் பதுங்கியது.

மறுபடியும் மூன்று தட்டு. அது அசையவில்லை.

சம்பந்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நாள் முழுவதும் அடுத்தவர் பார்வையைச் சோதிப்பவர் அவர். வெந்நீர்க்காரருக்கு ஏதாவது ஒன்றை எடுத்துக் காட்டியாக வேண்டியிருந்தது. இந்த ஒரு மாதத்தில் தான் சொன்னபடி செய்து முடித்த ஒரே காரியம் அவருக்கு நினைவுக்கு வந்தது. பீரோவைத் திறந்து பொட்டலத்தை எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீங்க சேர்த்து வைக்கச் சொன்ன பழைய பஞ்சு. அப்படியே இருக்கு."

சம்பந்தி வாங்கி, மேலே எழுதியிருந்ததைப் படித்தார். கொதிக்க வைத்தது. தேதி. கையொப்பம். இன்னொரு தடவை படித்தார்.

"புதுசோட சேர்த்து வைக்கச் சொன்னேன்," என்றார் மெதுவாக. பிறகு பொட்டலத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "தப்பு என் பேர்லதான். புரியிற மாதிரி சொல்லியிருக்கணும். பரவாயில்ல, சொல்லுங்க. பெரியவர் என்னிக்குப் போனார்?"

கதவை அவ்வளவு அகலமாக ஒருவர் திறந்து வைத்தது அவர் வாழ்க்கையில் அதுவரை நடந்ததில்லை. வெந்நீர்க்காரர் மகளைப் பார்த்தார். அவள் கண்ணால் கெஞ்சினாள். சமையலறை வாசலில் மனைவி நின்றாள், வண்டி ஆட்கள் நான்கு பேரும் நின்றார்கள். இத்தனை பேர் முன்னால் முதுகு வளையவில்லை.

"என்ன சம்பந்தி கேக்கறீங்க? இதோ இருக்காரே," என்றார்.

சம்பந்தி தலையை ஆட்டினார். பொட்டலத்தைத் தொட்டியின் மூடிமேல் சத்தமில்லாமல் வைத்தார்.

"அப்ப இங்கேயே இருக்கட்டும். இது உங்க மீன்."

ஆட்களிடம், தூக்க வேண்டியது ஒன்றும் இல்லை, கிளம்பலாம் என்றார். நாற்காலியில் உட்காரவும் இல்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் இல்லை. மகள் ஒரு கணம் நடுக்கூடத்தில் நின்றாள். பிறகு மாமனாரின் பின்னால் நடந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் திரும்பவில்லை.

தினமும் காலையில் பேசுகிற மகள் மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வாளி தூக்க வெந்நீர்க்காரருக்கு மனம் வரவில்லை, யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? மூன்றாம் நாள் தண்ணீரில் மறுபடியும் பால் விட்ட மாதிரி இருந்தது. மாலையில் அந்த மீன் மேலே வந்தது. வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்தது, மூடியது, திறந்தது.

மனைவி போனைக் கொண்டுவந்து அவர் நாற்காலியின் கைப்பிடியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ப்ளப் என்றது தொட்டி.