வாலண்டைனுக்கு மாற்று ஆள்

கால்பந்து கிளப்பின் மேனேஜர் பதவியிலிருந்து எடுக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாலண்டைனால் கிள்ளான் சிம்பாங் லீமா திடலை விட்டு வெளியே போக முடியவில்லை. கம்பிக் கதவைத் தாண்டிக் கால் வைத்தால், அந்தக் கால் வந்து ஊன்றியது அவர் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால். நாலு முறை நடந்து பார்த்தார். கிளப் செயலாளர் தம்புசாமி தன் லோரியைக் கொண்டுவந்து, அவரை முன்சீட்டில் ஏற்றி பெல்ட்டும் மாட்டிவிட்டார். லோரி வெளியே போனது. பெல்ட் மாட்டியபடியே இருந்தது. வாலண்டைன் பெஞ்சில் இருந்தார். இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்று செயற்குழு ஒரு தலையணையும் கொசுவலையும் அனுப்பி வைத்தது. கிள்ளான்காரர்கள் எதற்கும் சட்டென்று பழகிவிடுவார்கள். இரண்டாவது வாரம் புல் வெட்ட வந்தவர், அவரைச் சுற்றி வெட்டிவிட்டுப் போனார்.

அவரை எடுத்த விதத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லாததால் வாட்ஸ்அப்பில் ஒரு நன்றிச் செய்தி வந்தது, கடைசியில் ஒரு கும்பிடு. மறுநாளே காஜாங்கிலிருந்து புது மேனேஜர் பிரையன் வந்து சேர்ந்தார். முப்பத்தெட்டு வயது, கழுத்தில் விசில், கையில் மடிக்கணினி. இதே கிளப்பில் ஆடிய பையன்தான். வாலண்டைன் தன் ஆட்டக்காரர்களுக்கு வைத்திருந்தது ஒரே ஒரு சட்டம். ஆளை மாற்ற எண் பலகையைத் தூக்கியதும், வெளியே வருகிறவன் உள்ளே போகிறவனின் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டாதவன் இன்னும் வெளியே வரவில்லை என்று கணக்கு. 2009 இறுதி ஆட்டத்தில் எழுபதாவது நிமிடம் எடுக்கப்பட்ட பிரையன், கோபத்தில் யார் கையையும் தட்டாமல் நேரே பஸ்ஸில் போய் ஏறிக்கொண்டார். அடுத்த சீசன் முழுக்க வாலண்டைன் அவரைச் சேர்க்கவில்லை. "நீ இன்னும் வெளிய வரவே இல்லயே லா, எப்படி உள்ள அனுப்புறது?" என்று கேட்டார். பிரையன் அதை மறக்கவில்லை.

ஆகவே இருவரும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. முதல் மாதம் பையன்கள் "கோச்" என்று கூப்பிட்டால் இரண்டு தலைகள் திரும்பின. மூன்றாவது மாதம் ஒரு தலைதான் திரும்பியது. இருபத்திரண்டு பேர் கத்தி ஓடும் திடலின் ஓரத்தில் ஒரு மனிதன் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று வாலண்டைன் அதுவரை நினைத்ததில்லை. அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போலிருந்தது. அந்த ஆசை வர இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது.

வீடு பிரிக்பீல்ட்ஸில், நாலாவது மாடி. அவர் மனைவி கெர்ட்ரூட் பயிற்சி நாளிலும் ஆட்ட நாளிலும் தனியாகத்தான் சாப்பிட்டுவந்தார். இரண்டாவது வருடத்திலிருந்து எதிரே, வாலண்டைனின் நாற்காலியில், கெர்ட்ரூடின் தனிமை வந்து உட்கார ஆரம்பித்தது. அது சாப்பிடாது, பேசாது. புழுக்கமாக இருக்குமே என்று கெர்ட்ரூட் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைப்பார். கணவரின் பதவி போன செய்தி வந்த அன்று சந்தோஷமாக மீன்குழம்பு வைத்து, இனிமேல் நீ வர வேண்டியதில்லை என்று அதனிடம் சொல்லியும் விட்டார். ஆனால் நாற்காலிக்கு ஆள் வரவில்லை, அதனால் அதுவும் எழுந்திருக்கவில்லை. அன்று முதல் சாயங்காலமானால் கெர்ட்ரூட் டிபன் கேரியரோடு கிள்ளானுக்குக் கொம்யூட்டர் ரயில் ஏறினார்.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆட்டத்தைப் பார்த்தார். "ஏங்க, அந்தப் பையன் ஏன் கையத் தட்டிட்டு வரான்?" என்று கேட்டார். வாலண்டைன் சட்டத்தைச் சொன்னார். கெர்ட்ரூட் கேரியரை மூடினார். "அப்ப உங்கள யாருங்க மாத்துனா? யாரு பலகையத் தூக்குனா?"

கெர்ட்ரூட் எழுந்து பெஞ்சின் மறுமுனைக்குப் போனார். "பிரையன், நீ அவர் கையத் தட்டலன்னா அவர் இங்கயேதான். ஆன்டிக்கு வீட்டுல ஆளு வேணும் லா." பிரையன் முடியாது என்று சொல்லியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எழுந்து நடுவரின் உதவியாளரிடம் போய் ஏதோ சொன்னார். எண்பத்தோராவது நிமிடம் பலகை உயர்ந்தது: வெளியே வர சிவப்பில் இருபத்தாறு, உள்ளே போக பச்சையில் ஒன்று. வாலண்டைன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கையை நீட்டினார். பிரையன் இரண்டு தட்டு தட்டினார்.

"ஒன்னு அந்த பைனலுக்கு, கோச்."

வாலண்டைன் அழுதார். கதவைத் தாண்டி வைத்த கால் தார் ரோட்டிலேயே நின்றது. இருவரும் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி, நடந்து, நாலு மாடி ஏறினார்கள். சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த தனிமை எழுந்து வந்து, வாலண்டைனின் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனது. கெர்ட்ரூட் சோறு போட்டார்.

அடுத்த சனிக்கிழமை பிரையன் கிள்ளானில் இருந்தார். காஜாங்கில் அவர் மனைவி நடாலி தனக்கு மட்டும் தட்டு வைத்து உட்கார்ந்தபோது, எதிர் நாற்காலியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. நடாலி எழுந்து மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு, சாப்பிடத் தொடங்கினாள்.