பி வாங்கு, பி வில்

அந்தப் புத்தகத்தை அவள் தலையணை உறைக்குள் நுழைத்து, அலமாரியில் போர்வைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். திருட்டுப் புத்தகம் இல்லை, கண்ணுகளா. சொந்தக் காசு போட்டு வாங்கியது. ஒளித்தது அண்ணனிடமிருந்து. அவர் கையில் ஃபோன் இருந்தால் எதையாவது படம் பிடித்து யாருக்காவது அனுப்பாமல் இருப்புக் கொள்ளாது.

அவளுக்குச் சொந்தமாக ஒரு மருந்துக்கடை. அண்ணன் இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர். இருபத்து மூன்று வருஷமாக அதே இயந்திரம், அதே ‘கர்ர்’. அவர் போட்டிருக்கும் கண்ணாடியே சீசாவின் அடிப்பாகம் மாதிரி இருக்கும். அதனால் கடையில் அவருக்கு ‘மைனஸ்’ என்று பெயர். பங்கு வாங்கி விற்கிற ஆளுக்கு வாய்த்த பெயரைப் பாரேன் என்று தங்கை சிரிப்பாள்.

இரண்டு பேருக்கும் ஒரே பித்து, ஸ்விங் டிரேடிங். ஒரு பங்கு ஏறத் தொடங்கும்போது வாங்கி, சில நாளோ சில வாரமோ வைத்திருந்து, இறங்கத் தொடங்கியதும் விற்றுவிட்டு வந்துவிடுவது. எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று அந்தப் புத்தகம் ஒரு வழிமுறை சொன்னது. அண்ணனோடு ஃபோன் குழுவில் இருந்த ஐந்து பேரும் அதைக் கேட்டு நச்சரித்தார்கள்.

“முப்பது பக்கம்தானேடி. படம் எடுத்துப் போட்டா தேஞ்சா போயிடும்?”

“முதல் பக்கத்தைப் படிச்சியா? எந்தப் பகுதியையும் நகலெடுக்கவோ பகிரவோ கூடாதுன்னு போட்டிருக்கு.”

“அதையெல்லாம் யாருடி படிக்கிறா?”

“மருந்து டப்பாவுக்குள்ள மடிச்சு வெச்சிருக்கிற பொடி எழுத்தையே படிக்கிறவ நான்.”

அவள் சும்மா இருக்கவில்லை. புத்தகத்தின் கடைசியில் இருந்த முகவரிக்கு, ஆசிரியருக்கே எழுதிக் கேட்டாள். பதிலும் வந்தது. “என் வாக்கியங்களையும் படங்களையும் பகிர வேண்டாம், அது என் பிழைப்பு. முறையை உங்கள் வார்த்தையில் எழுதிக்கொண்டு சோதித்துப் பாருங்கள், நண்பர்களுக்கும் சொல்லுங்கள். என்ன வந்ததென்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், நன்றாக இல்லாவிட்டாலும்.”

அன்றைக்கே ஒரு தாளில் ஏழு விதிகளைத் தன் சொந்த நடையில் எழுதினாள். சொந்த நடை என்றால், மருந்து உறைமேல் எழுதி எழுதிப் பழகிய நடை. எல்லாம் சுருக்கம். ‘முடிவு விலை 20 நாள் உச்சத்துக்கு மேல் – பி வாங்கு. முடிவு விலை 10 நாள் அடிமட்டத்துக்குக் கீழ் – பி வில்.’ இப்படி.

அண்ணன் அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேக்டெஸ்ட் செய்ய உட்கார்ந்தார். அதாவது, பழைய விலைகளின்மேல் இந்த விதிகளை ஓட்டி, அப்போதே இப்படி வாங்கி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பது. மூன்று வாரம் சாப்பாட்டு மேசையை அண்ணி பார்க்கவே முடியவில்லை. எட்டு வருஷத்து விலைப் பட்டியல் விரிந்து கிடந்தது.

“தட்டை எந்த வருஷத்து மேல வைக்கட்டும்?” என்று கேட்டாள் அண்ணி.

“எது வேணா. எல்லாமே நல்ல வருஷம்தான்.”

உண்மையிலேயே அப்படித்தான் வந்தது. நூறு தடவை வாங்கி விற்றதில் எண்பத்து மூன்று தடவை லாபம். தங்கை கூட்டல் கழித்தலை மூன்று முறை சரிபார்த்தாள். ஒரு பிசகும் இல்லை. முடிவைக் குழுவில் போட்டதும் மைனஸை எல்லாரும் ‘பிளஸ்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த ஒரு வாரம் அவர் நடையே வேறு. வெள்ளிக்கிழமை வீட்டில் சொல்லிவிட்டார்: கண்ணாடிக் கடை போதும், இனி இதுதான் தொழில்.

அண்ணி சனிக்கிழமை காலை இருமல் மருந்து வாங்குகிற சாக்கில் மருந்துக்கடைக்கு வந்தாள்; இருமலே இல்லை.

“அந்தக் கர்ர்-தான் இத்தனை வருஷம் எங்களுக்குச் சோறு போட்டிருக்கு. விட்டுட்டா திரும்ப யார் சேத்துப்பா, இந்த வயசுல? நீ குடுத்த தாள்தானே, நீ சொன்னா கேப்பார்.”

“எண்பத்தி மூணு அண்ணி… நானே பாத்தேன்,” என்றாள் இவள். சொல்லும்போதே அவளுக்கே அது நம்பும்படி இல்லை. ஆனால் தப்பு எங்கே என்று தெரியவில்லையே.

மதியம் அண்ணனே வந்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். “முதலாளிக்குக் குடுக்கணும். எழுத்துப்பிழை இருக்கான்னு பாரு.”

‘ஐயா, வரும் திங்கட்கிழமை பி. முதல் நான் வேலைக்கு வர இயலாது.’

“இது என்ன தமிழ்? திங்கட்கிழமைக்குப் பின் முதலா? அப்போ திங்கள் வேலைக்குப் போறியா?”

“பின் இல்லடி, பிற்பகல்! காலைல ரெண்டு ஜோடி பாக்கி இருக்கு, தேச்சுக் குடுத்துட்டுக் கிளம்பிடுவேன். கண்ணாடியை எப்ப வந்து வாங்கிக்கணும்னு எங்க சீட்டுல போடுவோமே. மு-ன்னா முற்பகல், பி-ன்னா பிற்பகல்.”

“நல்ல கடை! எங்க உறைமேல மு-ன்னா சாப்பாட்டுக்கு முன், பி-ன்னா…”

சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டாள்.

“அண்ணா, என் தாள்ல ‘பி வாங்கு’ன்னு இருந்துச்சே. நீ எப்ப வாங்கினே?”

“அன்னிக்குப் பிற்பகல்தான்.”

“எந்த விலைக்கு?”

“பட்டியல்ல பிற்பகல் விலை இல்ல. நான் விடுவேனா? ஆரம்ப விலையையும் முடிவு விலையையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டேன்.”

“முடிவு விலை எப்ப தெரியும்?”

“சந்தை மூடினப்புறம்…” என்றவர், வாயை மூட மறந்து நின்றார்.

“சாயங்காலம் தெரியப்போறதை மத்தியானமே தெரிஞ்சுகிட்டு, எட்டு வருஷம் வாங்கியிருக்கே அண்ணா. விக்கிறதும் அப்படித்தான், முழுசா விழறதுக்கு முன்னாடியே. நான் எழுதினது, சந்தை மூடின பின். மறுநாள் காலைல.”

கடைவாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் பொறுமையிழந்தார். “அம்மா, பல்வலி மாத்திரை…”

அவள் உறையை எடுத்து எழுதப் போனாள்.

“முழுசா எழுதிடுங்கம்மா,” என்றார் அவர்.

ஞாயிறு முழுக்க இருவரும் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வாங்கியதையும் விற்றதையும் மறுநாள் ஆரம்ப விலைக்கு மாற்றி எழுதினார்கள். எண்பத்து மூன்று, நாற்பத்தொன்று ஆனது. எல்லாம் கூட்டிக் கழித்தால் கொஞ்சம் லாபம் மிஞ்சியது. கைச்செலவுக்கு உதவும், வயிற்றுக்குப் பற்றாது.

“என் கையெழுத்தாலதான்,” என்றாள் அவள்.

“கையெழுத்து நல்லாத்தான் இருக்கு. படிச்சவன் கண்ணுதான் மைனஸ்.” கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். “ஆனா அந்த எண்பத்தி மூணு, ஒரு வாரம் நல்லா இருந்துச்சுடி.”

அண்ணி எட்டு வருஷத்தையும் மடித்து ஓரமாக வைத்துவிட்டு, மூன்று தட்டுகளைப் பரப்பினாள்.

குழுவில் அவரே எழுதினார்: தங்கை பின் என்றாள், நான் பிற்பகல் என்று படித்தேன், என் கணக்கை நம்பி யாரும் எதுவும் வாங்க வேண்டாம். ‘வருக மைனஸ்’ என்று ஒருவர் பதில் போட்டார். ஆசிரியருக்குத் தங்கை எழுதினாள், முதலில் வந்ததையும் சேர்த்து. அவர் பதில் ஒரே வரி: “எண்பத்து மூன்று என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன், நாற்பத்தொன்றை நம்புகிறேன்.”

திங்கட்கிழமை பின்னறையில் ‘கர்ர்’ வழக்கம்போல ஓடியது, பிற்பகலிலும். மாலையில் தங்கை தலையணை உறையோடு அங்கே போய் நின்றாள்.

“இந்தா, நீயே படி. இரவல் குடுக்கக் கூடாதுன்னு எந்தப் பக்கத்துலயும் போடல. ஃபோனை மட்டும் என்கிட்ட வெச்சுடு.”

அவர் ஃபோனைக் கொடுத்துவிட்டு, கடைச் சீட்டு ஒன்றைக் கிழித்து எழுதி நீட்டினார். ‘புத்தகம் ஒன்று. திருப்பித் தருவது: வெள்ளி, பி.’

அவள் சீட்டை வாங்காமல் அவரையே பார்த்தாள். அவர் பேனாவை மறுபடி திறந்து, அந்த ‘பி’க்குப் பக்கத்தில் நிதானமாக ‘ற்பகல்’ என்று சேர்த்தார்.