பித்தளை வாய் வைத்த மாப்பிள்ளை காடி

பொதுப்பணி இலாகாவில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த கருணாகரனுக்கு உலகத்தில் இரண்டு பேரிடம்தான் பாசம். ஒன்று தங்கை கோகிலா. இன்னொன்று அவனுடைய கறுப்புக் காடி, அதாவது மோட்டார் கார். காடி ஓர் ஆளே இல்லையே என்று யாராவது கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

சுதந்திரம் வரப்போகிறது என்று மூட்டை கட்டிய தோட்டத்துத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன காடி அது. அவன் குடியிருந்த காஜா பெராங்கில் வேறு எந்தக் காடியிலும் இல்லாத சங்கதி ஒன்று அதில் இருந்தது. எஞ்சினுக்குள் காற்றை வலுக்கட்டாயமாகத் திணிக்கும் பம்பு. துரை அதைப் ‘புளோவர்’ என்றார். கருணாகரனும் தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் புளோவர், புளோவர் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். முடிவெட்டும் கடையில் கிடந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்று அவன் கையில் சிக்கியது. எஞ்சினும் மூச்சு விடும் பிராணிதான், மூச்சுப் பாதையை அகலமாக்கினால் வேகம் கூடும் என்று அதில் ஒரு விளம்பரம். விளம்பரத்துச் சாமான் லண்டனில் இருந்தது. கருணாகரன் பழைய சாமான் கடைக்குப் போய்க் கிராமபோன் பெட்டியின் பித்தளைக் குழல் ஒன்றை வாங்கி வந்தான். காற்று வடிகட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பானெட்டின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, குழலின் அகன்ற வாய் வெளியே தெரிகிற மாதிரி மாட்டினான்.

பட்டறை வைத்து டாக்சியும் ஓட்டுகிற அவன் கூட்டாளி ஜெயபாலன் வந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

“இதுல பாட்டு வைப்பியா, கருணா?”

“சிரிக்காதடா. இது காத்து வாங்குற வாய்.”

“புளோவர் ஏற்கனவே காத்தக் கழுத்தப் புடிச்சு உள்ள தள்ளுது. அந்த வடிகட்டி அதுக்கு ஒரு தடையே இல்ல. வாயப் பெருசாக்கினா என்ன கிடைக்கும்? சத்தம் கிடைக்கும்லா.”

“வெளிக்காத்து குளுமைடா. குளுமையான காத்துல சக்தி அதிகம். படிச்சிருக்கேன்.”

“அது மெய்தான், ஒத்துக்கறேன். தம்பின் ரோட்டுல அறுபது மைல்ல பறந்தா ஒரு கைப்பிடி கூடும். நீ ஓட்டப்போறது மாப்பிள்ளை ஊர்வலம். மேளக்காரன் நடக்கிற வேகம். அதுக்கு இது எதுக்கு? வடிகட்டி இல்லாம ரோட்டுல கிடக்கிற குப்பையெல்லாம் எஞ்சின் வயித்துக்குள்ள போகும், பாத்துக்க.”

சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. குழல் போட்ட குரலில் கோழிகள் கூரை ஏறின. கருணாகரனுக்கு விமானம் ஓட்டுவது போலிருந்தது. ஒரு மைல் ஓடி வந்ததும் ஜெயபாலன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். பழைய நேரமேதான். ஒரு விநாடிகூடக் குறையவில்லை.

“உன் கடிகாரம் சரியில்ல” என்றான் கருணாகரன்.

விஷயம் என்னவென்றால், மறுநாள் கோகிலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைப் போய் அழைத்து வருவது பெண்ணின் அண்ணன் கடமை. அப்பா இல்லாத வீட்டில் அந்தக் கடமை இரண்டு மடங்கு. ஆவணியின் கடைசி முகூர்த்தம், ஒன்பதிலிருந்து பத்தரை. தவறினால் புரட்டாசி, கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. ஐப்பசிக்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏகாம்பரம் எத்தனை குறை கண்டுபிடிப்பார் என்பது ஏகாம்பரத்துக்கே தெரியாது.

“அண்ணா, ஜெயபாலண்ணன் டாக்சியிலயே கூட்டிட்டு வந்துடேன்” என்றாள் கோகிலா, மருதாணிக் கையை விரித்தபடி.

“சொந்தக் காடி இருக்கும்போதா?”

“சரி. நேரத்துக்கு வந்துடு. நாலு பேர் சிரிக்கிற மாதிரி என்னை மணவறையில உட்கார வச்சிராத. அது போதும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை பாக்கியலட்சுமி காடியை அலங்கரித்தாள். பித்தளையில் எதைக் கண்டாலும் அத்தைக்குக் கை சும்மா இருக்காது. குழலைப் புளி போட்டு விளக்கினாள், சந்தனம் தடவினாள், குங்குமப் பொட்டு வைத்தாள். அதன் வாயைச் சுற்றி நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். கருணாகரன் தடுக்கவில்லை. தடுப்பதாவது! “இன்னொரு முழம் சுத்துங்க அத்தை” என்று சொன்னவனே அவன்தான்.

புக்கிட் ரம்பாயில் தன் வீட்டு வாசலில் மாப்பிள்ளை சேதுராமன் ஏறினான். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர், சாது. முன் இருக்கையில் மாலையோடு உட்கார்ந்தான். ஏகாம்பரம் பின்னால் உட்கார்ந்து, காடியின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ‘ம்’ கொட்டினார். ஜெயபாலனின் டாக்சி பெண்களோடு பின்தொடர்ந்தது. காஜா பெராங் முனையில் மேளம் காத்திருந்தது. மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் இரண்டு வாரத்து மழையில் சாயம் போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. மணி ஒன்பது ஐம்பது. வீட்டுக்கு அரை மைல். எல்லாம் கணக்காக இருந்தது.

“மச்சான், இந்தக் குழல் கத்தும்னு சொன்னாங்களே” என்றான் சேதுராமன் கூச்சத்தோடு. “ஒரே ஒரு தடவ?”

மாப்பிள்ளை முதன்முதலாகக் கேட்கும் ஒன்றை எந்த மச்சான் மறுப்பான்? கருணாகரன் ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். குழல் கர்ஜித்தது. நாதஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தைத் தவறவிட்டார். அடுத்த கணம் பித்தளை வாய் தன் கழுத்து மாலையைச் ‘சரக்’கென்று விழுங்கியது. எஞ்சின் இரண்டு முறை இருமியது. நின்றது.

ஜெயபாலன் ஓடிவந்து பானெட்டைத் திறந்தான். குழலைப் பிடுங்கிப் போட்டு உள்ளே விரல் விட்டான். வித்தைக்காரன் வாயிலிருந்து நாடா உருவுகிற மாதிரி மல்லிகைச் சரம் வந்தது. ஒரு முழம், இரண்டு முழம். அப்புறம் நார் அறுந்தது.

“மிச்சம் புளோவருக்குள்ள போயிருச்சு. கழட்டி மாட்ட அரை நாள் ஆகும்.”

கருணாகரனும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கைவரை கைகளை உள்ளே விட்டுத் துழாவினான்; ஒன்றும் சிக்கவில்லை. பெருமையை விழுங்கிக்கொண்டு சொன்னான். “உன் டாக்சியில ஏத்திடலாம்டா. நான் தப்புப் பண்ணிட்டேன்.”

“ஏத்துறதா?” ஏகாம்பரம் ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். “காடியில ஏறின மாப்பிள்ளை பந்தல்ல கால் கழுவினப்புறம்தான் தரையில மிதிக்கணும். நடுரோட்டுல இறக்கினா திரும்பி வீட்டுக்குத்தான் போவோம்!”

மணி பத்து ஐந்து.

கருணாகரன் பட்டுச் சட்டையைக் கழற்றி இருக்கையில் எறிந்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். “மாப்பிள்ளை, கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து ஸ்டியரிங்கப் புடிங்க. நேரா வச்சாப் போதும்.”

“எனக்குக் காடி ஓட்டத் தெரியாதே, மச்சான்!”

“அதுக்கும் ஓடத் தெரியல. பரவால்ல, புடிங்க.”

கருணாகரன் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான். பக்கத்தில் ஜெயபாலன். சொந்தக்கார ஆண்கள் ஏழெட்டுப் பேர். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த, மலாய் பேசும் சிட்டிக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், சாரோங்கை இறுக்கிக்கொண்டு, “டோலா! டோலா!” என்று, தள்ளு தள்ளு என்பதைத் தன் பேச்சில் கத்தியபடி தானும் சேர்ந்து தள்ளினார். மேளக்காரர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு ஓட்டமாய் வாசித்தார்கள். கெட்டிமேளம் ஓடிக்கொண்டே வாசித்ததை காஜா பெராங் அன்றைக்குத்தான் பார்த்தது.

“கவனிச்சியா கருணா?” என்றான் ஜெயபாலன் மூச்சு வாங்க. “இப்பக் காத்தே இல்லாம ஓடுது.”

“வாய மூடிட்டுத் தள்ளுடா.”

“நீதான் வாயத் திறக்கணும்னு சொன்ன.”

சிரித்தால் பிடி விட்டுப்போகும் என்று கருணாகரன் பல்லைக் கடித்தான். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. புரட்டாசி, புரட்டாசி என்று ஒவ்வொரு அடிக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

பந்தலுக்குள் காடி நுழையும்போது மணி பத்து இருபத்திரண்டு. சேதுராமன் வாழைமரம் ஒன்றைச் சாய்த்துவிட்டுத்தான் நிறுத்தினான். கால் கழுவி, மாலை மாற்றி, தாலி கழுத்தில் ஏறியபோது பத்து இருபத்தெட்டு. ஏகாம்பரம் குறை ஏதும் தேடவில்லை. ஊரெல்லாம் எட்டிப் பார்க்க, தள்ளிக்கொண்டு வரப்பட்ட மாமன் என்ற மரியாதையில் அவர் மயங்கிப் போயிருந்தார்.

கருணாகரன் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். சனம் சிரித்துக்கொண்டிருந்தது. நாலு பேர் அல்ல, நானூறு பேர்.

“பொரி போட பொண்ணோட அண்ணன் வாங்கோ” என்றார் ஐயர்.

அக்கினி முன்னால் தங்கையின் கைகளில் நெற்பொரி இடவேண்டியது அவன்தான். அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தான். முழங்கைவரை எண்ணெய்க் கறுப்பு. தண்ணீருக்கு ஓடினால் ஐயர் முறைப்பார். வேட்டியில் துடைத்தான், வேட்டி கறுத்தது, கை வெளுக்கவில்லை.

“கோகிலா, கை அழுக்கு. அத்தையப் போடச் சொல்லட்டுமா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கலைந்த தலை, பனியன், கன்னத்தில் ஒரு மல்லிகை இதழ். மணப்பெண் குனிந்த தலை நிமிரக்கூடாது என்பதை மறந்து வாய்விட்டுச் சிரித்தாள். பந்தலில் அவ்வளவு உரக்கச் சிரித்தது வேறு யாருமில்லை.

“நேரத்துக்கு வந்துட்டியே” என்றாள். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். “போடு அண்ணா. நீதான் போடணும்.”

போட்டான். வெள்ளைப் பொரியில் அங்கங்கே கறுப்பு. மருதாணி உள்ளங்கையில் அவன் கட்டைவிரல் தடம் அப்படியே பதிந்தது. ஐயர் பார்க்காத மாதிரி மந்திரத்தைத் தொடர்ந்தார். அக்கினி ஒரு குறையும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது.

கருணாகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். புகை பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. காற்று அன்றைக்கு எதிர்ப்பக்கமாக வீசிக்கொண்டிருந்தது.