முடித்தவர்: கை

மணிக்கட்டு வலிக்காக ஒன்பது நாள் விடுப்பில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிய காலை, நான் கேட்டே இராத ஒரு பாட்டை நான் முடித்ததாகத் திரையில் பார்த்தேன்.

எங்கள் வேலை தாள விளையாட்டு தயாரிப்பது. பாட்டு ஓடும்போது திரையில் கட்டங்கள் இறங்கி வரும். ஒவ்வொன்றையும் தாளம் தப்பாமல் பட்டனில் தட்ட வேண்டும். மாதம் ஐந்து புதிய பாட்டுகளை டவுன்லோடுக்கு விடுவோம். அதற்கு முன், ஆகக் கடினமான நிலையில், அலுவலகத்தில் ஒருவராவது ஒரு கட்டம்கூடத் தவறாமல் பாட்டை முடித்திருக்க வேண்டும். ஆறு வருடமாக அந்த ஒருவர் நான்தான். எல்லோரும் என்னைக் 'கை' என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டின் கீழே சின்ன எழுத்தில் 'முடித்தவர்: கை' என்று வரும்.

இந்த மாதம் ஆட்டக்காரர்களுக்குப் பிடித்த புதிய பாடல்களில் நான் கேட்டிராத அந்தப் பாட்டுக்குத்தான் முதலிடம். கீழே எனக்கு ஒரு பஸ் டிரைவர் எழுதியிருந்தார்: "நீங்க முடிச்சிருக்கீங்கன்னா முடியும்னுதானே அர்த்தம். ஆறு நாளா கையில ஐஸ் வெச்சுக்கிட்டு விளையாடுறேன். ஸ்டீயரிங் பிடிச்சா விரல் மரத்துப்போகுது. தப்பு என் கையிலதான். எந்தக் கட்டத்துக்கு எந்த விரல், கொஞ்சம் சொல்லுங்க."

மூன்று முறை விளையாடினேன். மூன்று முறையும் கடைசிப் பல்லவிக்கு முன்னால் அதே இடத்தில் கை நின்றது. மூச்சு விடும் நேரத்தில் பதினொரு கட்டங்கள். பத்து விரலும் சேர்ந்தாலும் போதாது.

ஆதாரத்துக்காக வைக்கும் வீடியோவைத் திறந்தேன். தட்டும் கைகள் மட்டும் தெரிந்தன. பின்னால் சுவர்க் கடிகாரத்தில் நொடிமுள் நாய் துரத்தியதுபோல ஓடிக்கொண்டிருந்தது. பாதி வேகத்தில் விளையாடி, பிறகு வீடியோவின் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். வலது சுண்டுவிரலில் நகம் கோணல். கதவிடுக்கில் அந்த விரல் நசுங்கிய அன்று தம்பியை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். பாட்டுக்குக் கட்டம் போடும் வேலையில் அவனைச் சேர்த்துவிட்டவளும் நான்தான்.

தம்பி காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். கழற்றி மேசையில் வைத்தேன்.

"கடிகாரத்தையாவது கழட்டி வெச்சிருக்கக் கூடாதா? திருடுறதுக்கும் ஒரு பொறுப்பு வேணும்டா."

அவன் சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"உன் கை சரியில்லக்கா. மேனேஜர் கழுத்துல ஏறி உக்காந்துட்டார். நான் என்ன பண்றது? பாட்டு இப்போ பிச்சுக்கிட்டுப் போகுது. திட்டிக்கிட்டே விளையாடுறாங்க. உனக்குத்தானே பேரு?"

"எனக்குப் பேரா?"

"சரி, தப்புதான்."

"நாலு கட்டத்தை எடுத்திருந்தா எவனும் முடிச்சிருப்பான்."

"அந்த இடம்தான்க்கா பாட்டே."

"அப்போ நீ பாட்டுக்குக் கட்டம் போடல. உன் பெருமைக்குப் போட்டுக்கிட்ட. அதுக்கு என் கை."

நான் கத்தினால் அவனுக்குப் பயமில்லை என்று எனக்குத் தெரியும்; அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் நாற்காலியை இப்படியும் அப்படியும் திருப்பினான். பிறகு திருப்புவதையும் நிறுத்தினான்.

என் இடத்துக்குப் போய், பாட்டின் கீழே எல்லோருக்கும் தெரியும்படி எழுதினேன்: 'இதை நான் முடிக்கவில்லை. யாருமே முடிக்கவில்லை. வீடியோ பொய். உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை. தயவுசெய்து நிறுத்துங்கள்.'

பின்னால் வந்து நின்றவன் படித்துவிட்டான்.

"அக்கா, போடாதக்கா. என் வேலை போயிடும்."

"என்னோடதும்தான் போகும்."

பட்டனை அழுத்தினேன். எங்கோ மேனேஜரின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதற்குள் டிரைவரின் பதில் வந்துவிட்டது: "ஆறு நாள். யாருங்க திருப்பிக் குடுப்பாங்க?"

எழுந்து நாற்காலியைத் தம்பி பக்கம் தள்ளினேன்.

"உக்காரு. பதில் நீ எழுது. உன் பேர்ல."

அவன் உட்கார்ந்தான். 'மன்னிக்கவும்' என்று தட்டினான். அழித்தான். மேனேஜர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், 'கை' என்று அல்ல, முழுப் பெயரை. நான் திரும்பவில்லை. தம்பி மறுபடி முதல் எழுத்திலிருந்து தட்டத் தொடங்கினான்.