வெள்ளைமேல் வெள்ளை

திரையில் அந்தப் பட்டனே கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கம் வெள்ளை, பட்டன் வெள்ளை, அதன்மேல் இருந்த எழுத்தும் வெள்ளை. ஆனாலும் என் கணவர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய், வழக்கம்போல் தலையை லேசாகச் சாய்த்து, “மருந்து அனுப்பவும்” என்று படித்தார். படித்ததோடு விடாமல், “நேத்தைக்கு இன்னைக்குப் பரவால்ல, எழுத்து நல்லா எடுப்பா இருக்கு” என்று சான்றிதழும் கொடுத்தார்.

நான் சாப்பிட்ட தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இல்லாத பட்டனைப் படித்துக் காட்டி என் வேலையைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். செய்யக்கூடிய ஆள்தான். கையில் தட்டோடு திரும்பிப் பார்த்தால், அந்த முகத்தில் குறும்பு எதுவும் இல்லை. பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்து, விடை சரிதானா என்று அடுத்தவரைக் கேட்கும் முகமாக இருந்தது.

“சரியா?” என்றார்.

“சரிதாங்க” என்றேன். தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய், குழாயைத் திறந்துவிட்டு, கழுவாமல் நின்றேன்.

நான் வேலை பார்ப்பது மருந்து விற்கும் ஓர் இணையதளத்தில். எங்கள் பக்கங்களுக்கு மூன்று தோற்றங்கள் உண்டு: பகலுக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று, பார்வை குறைந்தவர்களுக்கு ஒன்று. நிறங்களை நேரடியாக எழுதமாட்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து, பக்கமெங்கும் அந்தப் பெயரைத்தான் புழங்குவோம். சிஎஸ்எஸ் வேரியபிள் என்பார்கள். தோற்றம் மாறினால் பெயர் அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் நிறம் மட்டும் மாறும். வசதிதான். ஆனால் பிரௌசரைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை நான் பார்த்ததில்லை. இல்லாத பெயரைக் கேட்டாலும் சரி, நிறம் இருக்கவேண்டிய இடத்தில் நீளத்தை வைத்தாலும் சரி, ஒரு வார்த்தை முனகாது. ஏதோ கிடைத்ததைப் போட்டு ஒப்பேற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் போய்க்கொண்டே இருக்கும். போன வருடம் இருட்டுத் தோற்றத்தில் ‘கையிருப்பு இல்லை’ என்ற எச்சரிக்கை பல வாரங்கள் யார் கண்ணிலும் படாமலே கிடந்தது. அதற்கப்புறம்தான் நான் டைப்ஸ்கிரிப்ட் மொழியில் ஒரு காவல் போட்டேன். எல்லாப் பெயர்களும் ஒரே இடத்தில் இருக்கும். மூன்று தோற்றங்களும் ஒவ்வொரு பெயருக்கும் மதிப்பு கொடுத்தே ஆகவேண்டும், நிறத்துக்கு நிறம், அளவுக்கு அளவு; இந்த வகையைத்தான் டைப் என்போம். ஒன்று விட்டுப்போனாலும் எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் ஊரைக் கூட்டும், வேலை மேலே நகராது. அந்தக் காவலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று மத்தியானம் பட்டனுக்காகப் புதிதாக இரண்டு பெயர்களைச் சேர்த்திருந்தேன், அதன் முகத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று. கம்பைலர் உடனே கத்த ஆரம்பித்தது. பகலுக்கும் இருட்டுக்கும் யோசித்து நிறம் கொடுத்தேன். மூன்றாவது தோற்றத்துக்கு வரும்போது மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கம்பைலரின் வாயை அடைக்க இரண்டுக்கும் வெள்ளை என்று போட்டுவிட்டு எழுந்து போனேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், அழுகிற பிள்ளையின் கையில் கிலுகிலுப்பையைக் கொடுப்பதுபோல. கேட்டது நிறம், கிடைத்ததும் நிறம். அதற்கப்புறம் அது ஏன் கத்தப்போகிறது? நானும் மறந்துபோனேன்.

என் கணவருக்குப் பெயிண்ட் கடையில் கலவை வேலை. யாராவது ஒரு துண்டுத் துணியையோ உதிர்ந்த சுவர்ப் பூச்சையோ கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்றால், மிஷினில் எண்களைத் தட்டிக் கலந்து, ஒரு சொட்டைத் தன் கட்டைவிரல் நகத்தில் தடவி, காயவிட்டு, ஒத்துப்பார்த்துத்தான் டப்பாவை மூடுவார். அதனால் எந்த நாளும் அவர் நகத்தில் யார் வீட்டுச் சுவரோ ஒட்டிக்கொண்டிருக்கும். என் பக்கங்களையும் சாயங்காலம் அவரிடம் காட்டாமல் நான் அனுப்புவதில்லை. குறை கண்டுபிடிப்பதில் மாமியார் தோற்றார். “இந்த நீலம் காய்ச்சல்ல கிடக்கு”, “இந்தப் பச்சை யாரையோ ஏமாத்தப் பாக்குது” என்பார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கிறது.

அவர் கண்ணைச் சோதித்த டாக்டர் ஒருநாள் எங்களுக்கு ஒரு படத்தைக் காட்டினார். ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிவரும் கறுப்பு. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் இந்தச் சொட்டுமருந்து என்றார். வெளியே வந்ததும் இவர், “சினிமா பாக்கறப்போ முன்னாடி உக்காந்தவன் தலை மறைக்குமே, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு எனக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். மூன்றாவது தோற்றத்தை நான் அவருக்காகத்தான் செய்ய ஆரம்பித்தேன். அலுவலகத்தில் அப்படிச் சொல்லவில்லை. எழுத்தைப் பெரிதாக்கினேன், நிறத்தை அழுத்தமாக்கினேன். ஒவ்வொரு தடவையும் “தெரியுது, தெரியுது” என்றார். நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

குழாயடியில் நின்றபோது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போனில் வரும் செய்தியை என்னிடம் நீட்டி, “கண்ணாடிய எங்கயோ வெச்சிட்டேன், படி” என்பது. டிவியில் ஸ்கோரை என்னிடம் கேட்டுவிட்டு, தானே பார்த்ததுபோல் தம்பியிடம் போனில் சொல்வது. எத்தனை நாளாக என் பக்கங்களை மனப்பாடத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்? எனக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது. எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டால், மனிதர் மறுநாளே அந்த மிஷினைவிட்டு எழுந்துவிடுவார். எழுந்தால் வீட்டில் எந்த மூலையில் உட்காருவார் என்று என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. சொல்லாவிட்டால், ஒருநாள் வேறு யாராவது எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவார்கள்.

மறுநாள் அலுவலகம் போகிற வழியில் அவர் கடைக்கு எதிர்ப்பக்கம், உள்ளே பேசுவது கேட்கும் தூரத்தில் நின்றேன். உள்ளே போவதாகத்தான் நினைத்திருந்தேன். அவர் மேஜைமேல் நிறங்களைக் காட்டும் ஷேடு கார்டுகள் அடுக்கியிருந்தன. யாரும் பார்க்காதபோது அவற்றை ஓரத்திலிருந்து விரலால் தடவி எண்ணி, ஒன்றை உருவுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாடிக்கையாளர் ஒருவர் ஒரு கார்டை எடுத்துப் பார்த்துவிட்டு, இடம் மாற்றிச் செருகினார். இவர் எண்ணி எடுத்து நீட்டினார்.

“இது சாம்பல்ங்க. நான் கேட்டது பச்சை” என்றார் அவர்.

“இந்த டியூப் லைட்டுல பச்சைகூடச் சாம்பலாத்தாங்க தெரியும். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்க” என்று சிரித்தார் இவர்.

அந்த நல்ல மனிதர் கார்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்லாவில் இருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். நான் பேருந்து பிடிக்க வந்தவளைப்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்துவிட்டேன். அந்தக் கார்டு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

எங்கள் குழுத்தலைவருக்குப் ‘பொறுமை’ என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம், எதைக் கேட்டாலும் முதலில் அந்தச் சொல்தான் வரும். வெள்ளைமேல் வெள்ளை வைத்தால் கம்பைலர் விடக்கூடாது, அதற்கு ஏதாவது செய்யவேண்டும் என்று அவரிடம் போய் நின்றேன்.

“பொறுமை. என்ன இப்படிப் பதறுற? முகத்தையும் எழுத்தையும் ஜோடி சேத்துடு. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, கம்மியா இருந்தா பக்கம் வெளிய போகாம பில்டை நிறுத்திடலாம். அரை நாள் வேலை.”

“சரி சார். அது பாஸ் ஆயிட்டா, பாக்கறவங்களுக்குக் கண்டிப்பாத் தெரியுமா?”

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். “கலரைத்தாம்மா கணக்குல சேக்க முடியும். பாக்கறவங்க கண்ணை எந்த டைப்புல எழுதுவ?”

அரை நாள் வேலையை அன்றைக்கே முடித்தேன். மூன்றாவது தோற்றத்தில் பட்டனுக்குக் கன்னங்கரேல் என்று கறுப்பு, எழுத்துக்குத் தூய வெள்ளை. அதற்குமேல் அழுத்தம் கொடுக்க நிறம் எதுவும் பாக்கி இல்லை. கூடவே, வலக்கோடியில் இருந்த பட்டனை இடக்கோடிக்குக் கொண்டுபோக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள், அதையும் செய்தேன்.

சாயங்காலம் அவர் கடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மேஜையில் லேப்டாப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உள்ள பெரிய மானிட்டரில்தான் அவருக்குக் காட்டுவது. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதன்முன் உட்கார்ந்தார்.

“இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

“இல்லாம எப்படி? சும்மாவா சம்பளம் குடுக்கறாங்க?”

மேலே இருந்த தலைப்பைப் படித்தார். ஒரு சொல்லைத் தப்பாகப் படித்து, பின்வாங்கி, திருத்திக்கொண்டார். அது நிஜமாகவே படித்ததுதான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்து அவர் கை தானாகக் கீழே, வலப்பக்கம் இறங்கியது. வெறும் வெள்ளையில் கட்டைவிரலை வைத்தார். கறுப்புப் பட்டன் இடக்கோடியில், அவர் தலை திரும்பாத பக்கத்தில் கிடந்தது.

“இந்தப் பட்டன் இப்போதான் பட்டன் மாதிரி இருக்கு” என்றார்.

நான் லேப்டாப்பின் பக்கம் திரும்பினேன். அவர் விரலை எடுக்காமல், முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

“ஏன் பேசாம இருக்க?” குரல் இறங்கியிருந்தது. “எதையாவது மாத்திட்டியா?”

பட்டனின் இடம் என்ற பெயருக்கு இடது, வலது என்ற இரண்டே மதிப்புகளைத்தான் நான் அனுமதித்திருந்தேன். இடது என்பதை அழித்தேன். மறுநாள் காலையில் ‘பொறுமை’க்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமலே, வலது என்று எழுதிச் சேமித்தேன். கம்பைலர் வாயைத் திறக்கவில்லை. திரை ஒரு தடவை சிமிட்டியது. இந்தக் கோடியில் இருந்த கறுப்புப் பட்டன் மறைந்து, அந்தக் கோடியில், சாம்பல் பூச்சு காய்ந்திருந்த அவர் நகத்துக்கு அடியில் வந்து நின்றது.

“எதையும் மாத்தலீங்க” என்றேன். “அங்கதான் இருக்கு.”

அவர் விரலை எடுக்கவில்லை.