செவேரினோ அழுத்திய கேன்சல்

எங்கள் ஊர் இலோயிலோவில் செத்தால் உலகத்தரத்தோடு சாகலாம். செவேரினோவின் சவ அடக்க இல்லத்து வாசல் பலகை அப்படித்தான் சொல்கிறது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் பெற்றவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவர் நேரலை வைத்திருந்தார். சிற்றாலயத்தில் ஒரு கேமரா, அலுவலகத்தில் ஒரு கணினி, இரண்டுக்கும் நடுவில் செவேரினோவின் கோட்டு.

அன்று கேமராவிலிருந்து படம் வரவில்லை. சிற்றாலயச் சுவருக்குள் செல்பேசி சிக்னலும் எட்டாது. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் அமோருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அலுவலகத் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் காத்திருந்தாள். உள்ளே பாதிரியார் அவள் அப்பாவுக்கான ஜெபத்தை முடித்துக்கொண்டிருந்தார். அடுத்து, இறந்தவர் கையிலிருக்கும் ஜெபமாலையை அறுப்பார்கள், அவர் பின்னாலேயே வீட்டில் இன்னொருவர் போகாதிருக்க. அறுத்ததும் சவப்பெட்டியின் மூடி இறங்கிவிடும். கத்தரிக்கோல் செவேரினோவிடம் இருந்தது.

கணினி பழுது பார்க்கும் ரிஸெல் அலுவலகத்துக்குள் ஓடிவந்தாள்.

“காலையில கேமரா சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியிருக்கு சார். கணினிக்குக் காவல் நிக்கிற ஃபயர்வாலுக்கு அது புது ஆள் மாதிரி. உள்ளே விடலாமான்னு திரையில ஏதாவது கேட்டுச்சா?”

“நம்ம சிஸ்டம் அதெல்லாம் கேட்காதும்மா” என்றவர், வெளிநாட்டுத் திருடர்கள் தம் கணினியைக் குறிவைத்திருப்பது பற்றிச் சிற்றுரை ஆற்றினார். எங்கள் ஊர் சவப்பெட்டி விலைப்பட்டியலுக்கு அங்கே அவ்வளவு கிராக்கி போலிருக்கிறது. பிறகு, அந்த ஃபயர்வாலையே அணைத்துவிடச் சொன்னார்.

“கதவு திறக்கலேன்னா சுவரை இடிப்பீங்களா சார்? அத்தனை குடும்பத்து விவரமும் இதுல இருக்கு.”

அவள் மேசைக்கடியில் குனிந்து வயர்களைச் சோதிக்கத் தொடங்கினாள். ஒலிபெருக்கியில் அமோர் பேசினாள்.

“சார், யார் மேலயும் எனக்குக் கோபமில்ல. அப்பாவை மூடிட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

செவேரினோ கோட்டுப் பித்தானைத் திருகினார். அது கையோடு வந்துவிட்டது.

“கேட்டுச்சும்மா” என்றார் ரிஸெலிடம். “கேன்சல் அழுத்தினேன். மறுபடி கேட்கும், அப்பப் பார்த்துக்கலாம்னு.”

“மறுபடி கேட்காது சார். வேண்டாம்னு எடுத்துக்கிட்டு அடைச்சிடும்.”

வேண்டாம் என்றால் ஒரே தடவையில் புரிந்துகொள்ளும் ஒரு ஜீவன் எங்கள் ஊரில் இருப்பது அன்றுதான் தெரிந்தது. துக்க வீட்டில் சோறு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

ரிஸெல் நாற்காலிக்குத் தாவினாள். செவேரினோ கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு சிற்றாலயத்துக்கு நடந்தார். மூன்றாம் வரிசையில் போட்டி சவ அடக்க இல்லத்துக்காரர் உட்கார்ந்திருந்தார்.

“ஃபாதர், நிறுத்துங்க. பொண்ணு இன்னும் பார்க்கலை. தப்பு என்னோடது.”

அலுவலக மூலையில் மலர்வளைய நாடாவில் பெயர் எழுதிக்கொண்டிருந்த எனக்குத் திறந்த கதவு வழியே அது தெளிவாகக் கேட்டது. அவரைக் கேலி செய்ய நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அதோடு வீண்.

ரிஸெல் அந்தத் தடையை எடுத்தாள். குவைத்தில் அமோரின் திரையிலும் படம் வந்தது.

“நான் அனுப்பின பரோங் சட்டை தோள்ல பெரிசாயிடுச்சு” என்றாள் அமோர்.

செவேரினோ திரும்பி வந்து தொலைபேசிப் பக்கம் குனிந்தார். “அமோர், மூடலாமாம்மா?”

பதில் வரவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. கத்தரிக்கோலைப் பையை விட்டு எடுக்காமல் அங்கேயே நின்றார்.